ஒன்பது பக்கத்தில் என் மாமியார்

சிகாமணி சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கட்டிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நீலச் சட்டைத் துணியை நாற்பது மடிப்பாக விரித்து, மேலே சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டு மிஷினைக் கையில் எடுத்த நேரம். நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துணியை முழுவதும் வெட்டி முடித்தேன். பாதியில் நிறுத்தினால் அடித்துணி நகர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். எனக்கு அழுகை வரவில்லை என்பது இன்னொரு காரணம்.

மறுநாள் சிதம்பரத்திலிருந்து, நாம் படித்த மேலாண்மைத் துறையிலிருந்து ஒரு போன். உதவிப் பேராசிரியர் கார்த்திகேயன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். புதிதாக வந்தவர், குரலில் இன்னும் பணிவு மிச்சமிருந்தது.

"மேடம், சார் நினைவா நம்ம செய்திமடலை மலரா போடறோம். கடலூர்ல இருக்கற பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் எழுதினா நல்லாருக்கும்னு லிஸ்ட்ல பாத்தேன். நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்."

"வேற என்னென்ன போடறீங்க?"

"சாரோட ஃபேமஸ் கேஸ் ஸ்டடி இருக்குல்ல மேடம், கடலூர் யூனிஃபார்ம் கம்பெனி. அதை முழுசா போடறோம். அதுக்கப்புறம்தான் அஞ்சலியெல்லாம்."

"அதுல வர்ற அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும் மேடம். எங்கயாவது இருப்பாங்க, பாவம்."

அந்தப் பாவம் நான்தான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆகவே, சிகாமணி சாரிடம் படித்த நண்பர்களே, இந்த மலரில் இதற்கு முன் நீங்கள் படித்த ஒன்பது பக்கமும் என்னைப் பற்றியவை. 'திருமதி எஸ்.' என்று அவர் எழுதியிருப்பது ஸ்டெல்லாவாகிய என்னை. நம் செய்திமடலில் என் பெயர் முழுதாக அச்சாவது இதுவே முதல் முறை. அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

அவர் நல்ல ஆசிரியர் இல்லை என்று எழுதினால் அது பொய். பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவர். நாங்கள் படித்த காலத்தில் சிதம்பரம் வகுப்பறையில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல் அவருடையது ஒன்றுதான். யார் எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். நான் கடலூர் முதுநகரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவேன். ரயில் தாமதமானதால் ஒருநாள் வாசலில் நின்றேன். "லேட்டா வர்ற உரிமை ரயிலுக்கு இருக்கும்மா. ஒனக்குக் கெடையாது. முந்தின வண்டியில வா" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து முந்தின வண்டியில் போனேன். என்னை நேரத்துக்கு வரவைத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. எனக்கு நன்றிக்கடன் இருக்கிறது என்று அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் மறுக்கிறேன்.

துறை அலுவலகத்துக்கு வெளியே பச்சைத் துணி போர்த்திய ஒரு போர்டு உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னாள் மாணவர் சந்திப்புக்கு வருகிறவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் குத்திவிட்டுப் போக வேண்டும். செய்திமடலின் 'சாதனைகள்' பக்கத்தை அந்தப் போர்டைப் பார்த்துத்தான் சார் எழுதுவார். "கார்டு இல்லாத சாதனைக்கு நான் எங்க போய் ஸ்பெல்லிங் பாக்கறது?" என்பது அவர் வாக்கு. ஆறு மிஷினோடு யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்த வருடம் நானும் கார்டு அடித்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தார். "புரொப்ரைட்டரா? டெய்லரம்மான்னு போட்டிருந்தா ஊருக்குப் புரியுமே" என்றார். சிரித்துக்கொண்டே குத்தினார். அந்த வருடச் சாதனைகளில் துபாயில் துணைத் தலைவர் ஆனவர் இருந்தார். சோப்புக் கம்பெனியில் ஏரியா மேனேஜர் ஆனவர் இருந்தார். நான் இல்லை. சரி, ஆறு மிஷின்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு, பதினெட்டு ஆனது. மூன்று பள்ளிக்கூடங்களுக்கு நான்தான் சட்டையும் பாவாடையும். ஜூன் மாதத் திறப்புக்குத் தேவையான துணியை விலை இறங்கும் சமயத்திலேயே மொத்தமாக வாங்கி அடுக்குவேன். அடுக்க இடம் போதாமல் தவித்த ஒரு நாள், என் மாமியார் மரியபுஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய இளைய மகன் வெளிநாடு போய்விட்டிருந்தார். உப்பனாற்றுப் பக்கம் அவர் கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது.

"ஏம்மா ஸ்டெல்லா, சின்னவன் வூடு சும்மாத்தான கெடக்கு. துணிய அங்க வெச்சுக்கயேன். ஆளு போய் வந்தா சாயந்தரம் ஒரு விளக்காவது எரியும். இருட்டிக் கெடக்கறதப் பாத்தா எனக்கு ஒரு மாரி இருக்கு."

அந்த இடம் தாழ்வு என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். அத்தை அப்படிக் கேட்டபோது இல்லை என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. அந்த டிசம்பரில் புயல் வந்தது. உப்பனாற்றுத் தண்ணீர் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. நீலமும் வெள்ளையும் மெரூனும் ஒன்றோடொன்று சாயம் கலந்து, மேலே சேறு. எந்தப் பிள்ளை உடம்பிலும் போட முடியாத துணி. மறுபடி துணி வாங்கக் கையில் பணமில்லை, ஜூன் மாதம் மூன்று பள்ளிகளுக்கும் என்னால் கொடுக்க முடியவில்லை. தையல் பெண்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள். மிஷின்களை வேட்டி போட்டு மூடினேன்.

அந்தச் சமயத்தில் நம் துறையிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் சிகாமணி சார். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மூடிய மிஷின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தார், "எங்க பொண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்க சார்" என்றார். அவர் உள்ளே போன பிறகு நான் அழுதேன். துணி அந்த வீட்டுக்குப் போன கதையை, அத்தை சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னேன். சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழைச்சிருப்பேன் சார். அவுங்க முகத்தப் பாக்கவே புடிக்கல." சார் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழுதாத மனிதர் என்பதால்தான் நம்பினேன். கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார், அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த ஆண்டுச் செய்திமடலில், 'ஆய்வுச் செய்திகள்' பகுதியில் இரண்டு வரி இருந்தது. கடலூர்த் தையல் நிறுவனம் ஒன்றின் வீழ்ச்சி குறித்துப் பேராசிரியர் எழுதிய கேஸ் ஸ்டடியை மாணவர்கள் ஆர்வத்துடன் விவாதித்தார்கள் என்று. நடந்த ஒரு வியாபாரத்தைப் பெயர் மாற்றி எழுதி, இவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று மாணவர்களைக் கேட்பது நம் படிப்பின் வழக்கம். எனக்கு முன்னால் எத்தனையோ கம்பெனிகளை நானும் அப்படி வகுப்பில் அறுத்துக் கூறு போட்டவள்தான். தெரிந்த ஒருவரிடம் கேட்டு அந்த ஒன்பது பக்கத்தையும் வாங்கிப் படித்தேன். பெயரை மட்டும் எடுத்துவிட்டார். முதுநகர் இருந்தது, மூன்று பள்ளிகள் இருந்தன, வேட்டி போட்டு மூடிய பதினெட்டு மிஷின்கள் இருந்தன. அத்தை சொன்னது மேற்கோள் குறிக்குள் இருந்தது: "சின்னவன் வீட்டில் விளக்கு எரியட்டும்." அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நான் சொன்னதும் இருந்தது. கடைசியில் கேள்வி: உரிமையாளர் செய்த தவறுகளைப் பட்டியலிடுக.

எனக்கு நேர்ந்ததைப் பொறுத்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு அம்மாள் அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் நம் துறையில் படித்துக்கொண்டிருந்தாள். "ஒங்களப் பத்தி சிதம்பரத்துல பாடமே நடத்துறாங்களாமே" என்று ஆரம்பித்து, மகள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அத்தை கேட்டது ஒன்றுதான்.

"என்னாலதான்னு புஸ்தகத்துல போட்டுட்டாங்களாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் எதையுமே கேட்கவில்லை. குழம்பில் உப்புப் போதாவிட்டாலும் கேட்க மாட்டார். சாயந்தரம் நான் வரும்வரை கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். செருப்புச் சத்தம் கேட்டதும், "ஸ்டெல்லா, லைட்டு போட்டுக்கட்டுமாம்மா?" என்பார். தன் மகன் வீட்டில், தன் கையெட்டும் சுவிட்சுக்கு.

நான் மறுபடி நான்கு மிஷினில் ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்பதைச் சொல்ல இது இடமில்லை. பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பழைய பதினெட்டைத் தாண்டி முப்பது மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு, புதிய கார்டோடு சிதம்பரம் போனேன். போர்டில் என் பழைய கார்டு இல்லை. அறையில் சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா. எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுது சார். முப்பது மிஷின். என் பழைய கார்டைக் காணோமே?"

"மூடுன கடைக்குக் கார்டு எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"இப்பத் தொறந்தாச்சு. அந்தக் கேஸ்ல கடைசியா ஒரு பாரா சேத்துடுங்க சார். அது போதும்."

பேனாவை மூடினார். "முடிவு தெரிஞ்சுட்டா பசங்க யோசிக்க மாட்டானுங்கம்மா. மீண்டுட்டாங்கன்னு எழுதிட்டு எழுந்து போயிடுவானுங்க. தோத்த எடத்துலதான் பாடம் இருக்கு. நீ ஜெயிச்சத எவன் படிப்பான்?"

"அப்ப எங்க அத்தை பேசுனதயாவது எடுத்துடுங்க. அவுங்க வீட்ல இருட்டுல ஒக்காந்திருக்காங்க சார்."

"அந்த வரிதாம்மா கேஸே" என்றார். எரிச்சலோடுகூடச் சொல்லவில்லை. துணியில் எங்கே காஜா எடுக்க வேண்டும் என்று நான் சொல்வேனே, அந்த நிதானத்தில் சொன்னார். புதிய கார்டைக் குத்தாமல் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நின்று அவரைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன்.

அத்தை இறந்தார். அதற்கு மறு வருடம் வடலூர்ப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கு மாதிரிச் சட்டையோடு போயிருந்தேன். அங்கே நிர்வாக அலுவலர் நம் துறையில் படித்தவர். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு என் கார்டைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், நீங்க சிகாமணி சார் கேஸ்ல வர்றவுங்கதானே? எங்க பேட்ச்ல அதான் பெரிய காமெடி. லைட்டை யாராவது ஆஃப் பண்ணா, 'சின்னவன் வீட்ல விளக்கு எரியட்டும்'னு கத்துவோம்." சிரித்து முடித்துவிட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்க கம்பெனில ரிஸ்க் ஜாஸ்தின்னு கமிட்டில கேப்பாங்க" என்று மாதிரிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. அவர் சரியாகப் படித்திருந்தார். முப்பது மிஷினைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில் இருந்தும், ஒன்பது பக்கத்தைத்தான் நம்பினார். அப்படித்தான் நமக்குக் கற்றுத் தரப்பட்டது.

சாரின் அடக்கம் பெண்ணாடத்தில் நடந்தது. நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்துச் சிதம்பரம் போய்க் கார்த்திகேயன் முன்னால் உட்கார்ந்து, "அந்தம்மா எங்கயோ இல்ல தம்பி, ஒங்க எதிர்லதான் ஒக்காந்திருக்கேன்" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், எனக்கா அவருக்கா தெரியவில்லை. மலரில் அந்தக் கேஸைப் போடக்கூடாது என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார்.

"மேடம், நேத்துதான் இதப் பாத்தேன். ஆசிரியருக்கு மட்டுமான குறிப்பு. நீங்க பாக்கணும்."

ஒவ்வொரு வருடமும் வகுப்பு முடிந்ததும் சார் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். மாணவர்கள் சொன்ன விடைகள்: காப்பீடு எடுத்திருக்கலாம், மாடி வீடு பார்த்திருக்கலாம், உறவினரை விலக்கியிருக்கலாம். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே வரி, சிவப்பு மையில்: "இந்த ஆண்டும் கேட்கவில்லை." எதைக் கேட்கவில்லை என்பது முதல் தாளில் இருந்தது. "எதிர்பார்க்கும் விடை: நாம் ஏன் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்? கடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்போம் என்று ஒருவராவது சொல்ல வேண்டும். சொல்லும் நாளில் இந்தக் கேஸை நிறுத்திவிடலாம்."

கார்த்திகேயன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உருகிவிடுவேன் என்று எதிர்பார்த்தார் போல. என் கோபம் ஏறியது. விடை தெரிந்தவர் அவர் ஒருவர். அதை எவனாவது சொல்வான் என்று காத்திருந்து, வருடா வருடம் ஒரு வகுப்பைச் சிரிக்க விட்டிருக்கிறார். நான் தேடி வந்து எதிரில் நின்ற அன்றும் வாயைத் திறக்கவில்லை. வாழைப்பழத்தோடு ஒருமுறை வந்தவர், தான் எழுதி வைத்த பஸ்ஸில் இரண்டாம் முறை ஏறவில்லை. காபி கொடுத்த கையை அவர் ஒன்பது பக்கத்தில் வைத்தார், அந்தக் கைக்குச் சொந்தக்காரியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விடை அவருக்கே வரவில்லை.

இருந்தாலும் மலரில் போடச் சொல்லிவிட்டேன். இரண்டு நிபந்தனை. அந்தச் சிவப்பு வரிகளையும் சேர்த்து அச்சிட வேண்டும். அதற்கடுத்து என் கட்டுரை ஒரு வரியும் குறையாமல் வர வேண்டும். இனி இதை வகுப்பில் நடத்துவதானால் மூன்றும் சேர்ந்துதான் நடத்த வேண்டும். கார்த்திகேயன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சிகாமணி சாரை நான் மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது முந்தின வண்டிக்குப் போகும் பழக்கத்தையும், அந்த முதல் தாளின் கேள்வியையும்தான். ரயிலில் திரும்பும்போது அந்தக் கேள்வியை வைத்து அவரை இன்னும் நாலு திட்டுத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யார் யார் போய்ப் பார்க்கவில்லை என்று விரல் மடக்கினேன். மாணவர்கள், வடலூர் அலுவலர், சார். நான்காவது விரலை மடக்கும்போது பரங்கிப்பேட்டை தாண்டியிருந்தது.

அத்தை முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சாரிடம் சொன்னவள் நான். புத்தகத்தில் போட்டுவிட்டார்களா என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்று பேச்சை முடித்தவளும் நான். உங்களால் இல்லை அத்தை, துணியை அங்கே வைத்தது நான்தான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, எனக்கு பஸ் ஏற வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ஒவ்வொரு சாயந்தரமும் அவர் கேட்பார். நான் சுவிட்சைத் தட்டிவிட்டு, முகம் பார்க்காமல், மிஷின் கணக்குப் பார்க்க உள்ளே போய்விடுவேன்.